சுமைப்பட்டையும் மூன்றாம் எண் பேருந்தும்

பாதம் இரண்டும் அடுப்பில் வைத்தது போல எரிய ஆரம்பித்தபோது ஜெசிந்தா துப்பட்டாவின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கத்தினால் எல்லாம் போச்சு. ஓடுகிற பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில், கருவிப்பெட்டிக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவே அவள் மடங்கிக் கிடந்தாள். கழுத்திலிருந்து குபுகுபுவென்று ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் பரவியது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இடது கையைத் தூக்கித் துடைக்கலாம் என்றால் தோளில் ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஒரு பாரம்.

முன்னால், ஓட்டுநர் இருக்கையில் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபடி சோதனை அதிகாரி செண்பகராமன்.

"கொஞ்சம் வேகத்தக் கூட்டுங்கம்மா. உப்பளத்து ரோடு காலியாத்தான கெடக்கு" என்றார் அவர்.

பேருந்து சீறியது. எரிச்சல் கெண்டைக்கால் வரை ஏறியது.

'வா. எல்லாம் இங்க வா. ஒரு பொட்டுகூட அம்மா பக்கம் போயிராத' என்று எரிச்சலிடமே கெஞ்சினாள் ஜெசிந்தா. பன்னிரண்டாம் வகுப்பு மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் சீருடையோடு பேருந்து இருக்கைக்கு அடியில் கிடப்பது தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அது பரவாயில்லை. அதிகாரிக்குத் தெரிந்தால் அம்மாவின் சோதனையே செல்லாது.

கடைசி இருக்கையில் அமர்ந்திருந்த நடத்துநர் முப்பிடாதி, காலால் அவளை லேசாக எத்தினாள். "ஏட்டி, மூச்சு சத்தம் இரைக்குது. அடக்கு. நீ மாட்டுனா நானும் மாட்டுவேன். எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு பாத்துக்க."

"முடியல சித்தி."

"முடியலன்னா எதுக்குட்டி வந்த? சவம், நான் ஒரு கோட்டி. சின்னப்பிள்ள அழுதான்னு ஏத்திவிட்டேன் பாரு."

ஜெசிந்தாவின் இடது மணிக்கட்டில், முழுக்கைச் சட்டைக்கு உள்ளே, சுமைப்பட்டை இறுகியிருந்தது. சுமை வரும்போது ஒளிரும் அதன் சிறிய விளக்கு வெளியே தெரியாதபடி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

சுமைப்பட்டை வந்ததிலிருந்து ஊரே மாறிப்போயிருந்தது. நோயாளியின் பட்டை, நரம்பு வழியாக மூளைக்குப் போகிற வலியையும் எரிச்சலையும் பாரத்தையும் பாதி வழியில் பிடித்து, சுமப்பவரின் பட்டைக்கு அனுப்பும். வீக்கத்தை அது எடுக்காது. வீக்கத்தின் பாரத்தை எடுக்கும். புண்ணை ஆற்றாது, புண்ணின் வலியைப் பங்கு போடும். மருத்துவமனையில் 'யார் கூட இருக்கீங்க?' என்று கேட்ட காலம் போய், 'யார் சுமக்கிறீங்க?' என்று கேட்டார்கள். அலுவலகங்களில் சுமப்பு விடுப்பு வந்தது. மனைவிக்கு மாத்திரையால் கிளம்பும் சூட்டைச் சுமக்கிற ஆண்கள் ஏசி அறைக்குள் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். டீக்கடையில் அவர்களைக் கேலி செய்தவர்கள், தங்கள் முறை வந்தபோது தாங்களும் விசிறிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு குறை. பட்டைகள் இரண்டும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். கப்பலில் வேலை பார்க்கிற அப்பாவால் எந்தக் கடலிலிருந்தும் சுமக்க முடியாது. அதனால்தான் ஜெசிந்தா.

"பாதிதான். அதுக்கு மேல ஏத்தக் கூடாது" என்று செவிலியர் பட்டையை மாட்டும்போதே சொல்லியிருந்தார்.

"ஏத்துனா என்ன ஆவும்?"

"தெரியாதும்மா. இதுவரைக்கும் யாரும் ஏத்திப் பாக்கல."

அம்மா, அமலோற்பவம், மூன்றாம் எண் பேருந்தின் ஓட்டுநர். நெடுஞ்சாலைகளில் வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கிய பிறகும், தூத்துக்குடியின் சந்துகளுக்கும் மாடுகளுக்கும் மீன்கூடை வண்டிகளுக்கும் மனித ஓட்டுநர்தான் தேவைப்பட்டார்கள். அதில் அம்மா ராணி. அந்த ராணியின் இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். நோய் போய்விட்டது. ஆனால் போகும்போது வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனது. பாதத்தில் எரிச்சல், கையில் பாரம், தினசரி மாத்திரையால் நேரங்கெட்ட நேரத்தில் கிளம்பும் சூடு. வாய் வரை வந்து காணாமல் போகிற வார்த்தைகள் வேறு. உப்பைக் கேட்க வந்து, "அந்த... வெள்ள... கடல்ல எடுப்பாவல்லா" என்று நிற்பாள்.

மறுபடி வண்டி எடுக்கலாமா என்று பார்த்த முதல் சோதனையில் அம்மா பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். கால் எரிச்சல் தாங்கவில்லை. இது இரண்டாவது. இதிலும் தோற்றால் ஆயுசுக்கும் மேசை வேலைதான். வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அன்று அம்மா அழவில்லை. மொட்டை மாடிக்குப் போய் நின்று, தூரத்தில் போகிற பேருந்துகளின் ஹாரனை வைத்தே, "இது எசக்கிமுத்து... இது புதுப் பய" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாலாவது ஜெசிந்தா பொறுத்திருப்பாள்.

மறுநாள் மத்தியானம், மாத்திரை அசதியில் தூங்கிய அம்மாவின் விரலைப் பட்டையின் கைரேகைப் பூட்டில் மெல்ல அழுத்தி, அளவை முழுக்க ஏற்றிவிட்டாள்.

"நிறுத்துங்கம்மா" என்றார் செண்பகராமன்.

பேருந்து வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நின்றது. வண்டியின் உணரிகள் பிரேக்கின் அழுத்தம் முதல் ஓட்டுநரின் கண் சிமிட்டல் வரை எல்லாவற்றையும் அளந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் செண்பகராமன் நம்பியது ஒரு டீ கிளாஸை. பணிமனை வாசலில் விளிம்பு வரை டீ வாங்கி, ஓட்டுநருக்கு முன்னாலிருக்கும் பலகையில் வைத்துவிடுவார். சிந்தினால் அவர் உதட்டைப் பிதுக்குவதை வைத்தே பணிமனை மொத்தமும் முடிவைத் தெரிந்துகொள்ளும்.

"என்ன சார், டீ குறைஞ்சிருக்கா?" என்று முப்பிடாதி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"நீங்க சும்மா இரிங்க" என்றார் அவர். ஆனால் கிளாஸை எடுத்து, சூடு ஆறிப்போயிருந்த அந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இனி இது தேவப்படாது. அடுத்தது திடீர் நிறுத்தம். நான் எப்ப சொல்லுவேன்னு சொல்ல மாட்டேன்."

திடீர் நிறுத்தத்துக்கு வலது கால் பிரேக்கைச் சட்டென்று முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். போன தடவை அம்மா ஓரங்கட்டியது அந்தக் கட்டத்தில்தான். ஜெசிந்தா கண்ணை இறுக மூடி, எரிகிற பாதங்களைத் தகரத் தரையில் அழுத்திக்கொண்டாள். இன்னும் கொடு, இன்னும் கொடு.

பேருந்து ஊருக்குள் நுழைந்தது. பைக் ஓட்டி வந்த ஒருவன் குறுக்கே புகுந்தான். "ஏல, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று அம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள். அந்தக் குரல்! நோய்க்கு முந்தைய குரல். எரிச்சலுக்கு நடுவிலும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்த நிறுத்தம் எதும்மா?" என்று கேட்டார் அதிகாரி.

பதில் வரவில்லை.

ஜெசிந்தாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. மறதியைச் சுமக்கப் பட்டையால் முடியாது. நரம்பில் ஓடுவதைத்தான் அது பிடிக்கும். காணாமல் போன சொல்லை எங்கே போய்ப் பிடிப்பது? மட்டக்கடைம்மா, மட்டக்கடை, நீ பிறந்த தெரும்மா என்று அவள் உதடு அசைத்தது துப்பட்டாவுக்குள்ளேயே போயிற்று.

"என்னம்மா? அடுத்த நிறுத்தம்?"

"பேரு வரல சார்" என்றாள் அம்மா. குரலில் துளி நடுக்கமில்லை. "மருந்து பேரத் தின்னுட்டு. எடம் எனக்குத் தெரியும். கொண்டுபோய் நிறுத்துதேன், நீங்க எறங்கி போர்டப் படிச்சுக்கிடுங்க."

முப்பிடாதி கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள். செண்பகராமன் தொண்டையைக் கனைத்தார். அடுத்த வளைவில் அந்தப் பெரிய வண்டி, இரண்டு மீன்கூடை வண்டிகளுக்கும் படுத்திருந்த ஒரு மாட்டுக்கும் இடையில் உரசாமல் நுழைந்து, மட்டக்கடை நிறுத்தத்தின் பலகைக்கு நேராக நின்றது.

அவர் இறங்கவில்லை. பலகையை ஜன்னல் வழியாகவே பார்த்தார். "எடுங்க" என்றார்.

வண்டி கிளம்பி வேகம் பிடித்த மறு நொடி, "நிறுத்து!" என்று கத்தினார்.

டயர்கள் கிறீச்சிட்டன. ஜெசிந்தாவின் தலை கருவிப்பெட்டியில் மோதியது. முப்பிடாதியின் விசில் தெறித்து உருண்டது. வண்டி, ஆணி அடித்தது போல, விதித்த தூரத்துக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

செண்பகராமன், "நாளைக்குக் காலையில முதல் வண்டி உங்களுக்கு" என்றார். படியில் இறங்கப் போனவர் திரும்பினார். "அமலோற்பவம்மா, எங்க வீட்டுலயும் இதே நோய்தான். அவகிட்டப் போய்ச் சொல்லணும்." இறங்கி நடந்தார்.

முப்பிடாதி எழுந்து நின்று கைதட்டினாள். விசில் தேடிக் கிடைக்காததால் விரலை வாயில் வைத்தே ஊதினாள். அம்மா ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் எண் பேருந்தின் ஹாரன் அது, அமலோற்பவத்தின் விரல்! மீன் விற்கிற பெண் ஒருத்தி, "ஏ அமலி! வந்துட்டியா?" என்று கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கும்மியடித்தாள்.

சத்தமெல்லாம் அடங்கியதும் அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "முப்பிடாதி, அந்தக் கடைசி சீட்டுக்கு அடியில கெடக்குற மூட்டைய வெளிய வரச் சொல்லு."

ஜெசிந்தா தவழ்ந்து வெளியே வந்தாள். முகம் சிவந்து, தலைமுடி ஒட்டி, ஒரு பக்கம் தூசி. எழுந்து நிற்க முயன்றபோது பாதம் தரையில் பட்டதும் "ஸ்ஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணாடியில உன் ஷூ தெரிஞ்சுதுட்டி. பரீச்சைய விட்டுட்டு இங்க என்ன சோலி உனக்கு?"

"நீ ஜெயிக்கணும்லாம்மா." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எல்லாத்தையும் நானே எடுத்துக்கிட்டேன். எரிச்சல், கை பாரம், சூடு, எல்லாம். முழுசா ஏத்தி வச்சிருந்தேன். உனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றாள் அம்மா.

ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்தாள். "நீ பள்ளிக்கூடம் போனா என் கால் எரியும். நீ படியேறி வந்தா அணைஞ்சுரும். பாதிதான கொறையணும்? சொட்டு மிச்சமில்லாம அணைஞ்சா எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அவ்வளவு சொகமா இருந்துச்சு. பெத்தவ பண்ற காரியமா அது?"

"இருக்கட்டும்மா. இப்ப ஜெயிச்சாச்சுல்லா."

"ஆமா, ஜெயிச்சாச்சு." அம்மாவின் முகம் மலர்ந்தது. நோய் வந்த நாளிலிருந்து ஜெசிந்தா பார்க்காத மலர்ச்சி. "இந்தக் காலு எரிய எரிய ஜெயிச்சேன். போன தடவ எரியுதேன்னு பயந்துட்டேன். இந்தத் தடவ, எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போ, நீ பாட்டுக்கு எரி, நான் பாட்டுக்கு ஓட்டுதேன்னு விட்டுட்டேன். பெடல் எவ்வளவு அமுங்கிருக்குன்னு பாதம் சொல்லாததெல்லாம் முட்டி சொல்லிச்சு."

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. "உனக்கு எப்படிம்மா எரியும்? நான்தான எடுத்துக்கிட்டேன்?"

அம்மா வீக்கத்துக்காக இடது கையில் மாட்டியிருந்த அழுத்த உறையை மணிக்கட்டுக்குக் கீழே வரை சுருட்டி இறக்கினாள். கை வீங்கியிருந்தது. பட்டை இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும் தெரிந்தது.

"காலையிலேயே கழட்டி அரிசி டப்பாவுக்குள்ள போட்டுட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு ஒருநாளாவது எம் பிள்ள நிம்மதியா பரீச்ச எழுதட்டும்னு."

அரிசி டப்பா இருக்கிற வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது.

ஜெசிந்தா தன் சட்டைக் கையை மேலே தள்ளி, பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பட்டையின் விளக்கு அணைந்திருந்தது. அதன் கொக்கியை விடுவித்து, பட்டையைக் கழற்றி இருக்கைமேல் போட்டாள். எரிச்சல் குறையவில்லை. ஷூவையும் கழற்றினாள். பாதம் சிவக்கவில்லை, வீங்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பெண்ணின் சாதாரணப் பாதம். ஆனால் அடுப்பில் வைத்தது போல அது எரிந்துகொண்டே இருந்தது.

அம்மா அவள் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை ஐஸ் போலிருந்தது. இதை எப்படித் தடவ வேண்டும், எந்த இடத்தில் அழுத்தினால் கொஞ்சம் அடங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். தடவினாள். அங்கேதான் அடங்கியது.

"அம்மா" என்றாள் ஜெசிந்தா, மிக மெதுவாக. "அப்ப இப்ப எரியிறது யாரு காலும்மா?"