கண்காட்சி வாரத்தில் ஒரு கட்டில்

காலை பதினொன்றேகால். தஸ்ஸினாரி விடுதியின் ஒன்பதாம் எண் அறையிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

நான்காம் எண் அறையில் சவேரியோ லகானா கட்டிலில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். தெற்கே கலாப்ரியாவிலிருந்து வடக்கே பொலோன்யாவுக்கு மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர். அன்று அவனுக்கு விடுமுறை. விடுமுறை என்றால் வீடு தேடும் நாள் என்று அர்த்தம். வந்த ஏழு மாதமாக இதே பிழைப்பு. அன்று காலை பார்த்த வீட்டில் குளிக்கிற இடத்திலேயே அடுப்பு இருந்தது. "குளிச்சுக்கிட்டே பாஸ்தா வேக வைக்கலாம், எவ்வளவு வசதி பாருங்க!" என்றான் தரகன், கொஞ்சமும் கூசாமல். வாடகை மட்டும் அரண்மனை வாடகை.

அதனால்தான் அவன் இன்னும் விடுதியில் கிடந்தான். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அவன் படுப்பான். இன்னொன்றில் 'வீடு வாடகைக்கு' விளம்பரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. மூலையில் ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா கையில் திணித்த கறுப்புக் குடை, விலைச்சீட்டுகூடக் கிழியாமல் நின்றது. வெளியே மூன்று நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அலறலைக் கேட்டதும் ஒற்றை ஷூவோடு ஓடினான்.

ஒன்பதாம் அறையில் நொயெமி கார்லுச்சோ தரையில் உட்கார்ந்திருந்தாள். தெற்கே லேச்சேயிலிருந்து வந்த பெண். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிறவள். ஊரில் நடக்கிற புத்தகக் கண்காட்சிக்காக வந்திருந்தாள். முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது.

"என் படம்... எல்லாப் படமும் போச்சு!"

"பதறாம சொல்லும்மா. எதுல வச்சிருந்தே?"

"பெரிய பச்சை அட்டைப் பையில. கட்டிலுக்கு அடியில. காபி குடிக்கக் கீழ போனேன். பூட்டிட்டுத்தான் போனேன், சாவி என்கிட்டயே இருக்கு. திரும்பி வந்தா பூட்டு பூட்டினபடியே இருக்கு, பையைக் காணோம்!"

"போட்டோ எடுத்து வச்சிருக்கியா?"

"போன்ல இருக்கு. ஆனா மூணு மணிக்கு ஒரு பதிப்பாளரைப் பார்க்கணும். ஒரிஜினலைக் கையில தொட்டுப் பார்க்கணும்னு சொல்லித்தான் வரச் சொன்னாங்க. ரெண்டு வருஷமா இந்த ஒரு சந்திப்புக்காகத்தான் அலைஞ்சேன். படம் இல்லாம இங்க எனக்கு என்ன வேலை? ரெண்டு மணி ரயிலுக்கு ஊருக்கே போயிடறேன்!"

சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சவேரியோ அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். அவனும் தெற்கத்திக்காரன்தானே.

விடுதிக்காரி யோலே தஸ்ஸினாரி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். அறுபது வயதிலும் தரையில் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து வைக்கிற பெண்மணி. கண்காட்சி வாரத்தில் ஊரே அறை வாடகையை மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஏற்றும். யோலே மட்டும் ஒரு காசு கூட்டமாட்டாள். கண்காட்சிக்கு ஒரே பஸ், காலடியிலேயே கடைத்தெரு, அதிலும் இந்த வாடகை. அவளிடம் கட்டில் கிடைப்பது குதிரைக் கொம்பு.

"என் விடுதியிலயா திருட்டு? அடக் கடவுளே! ரொட்டி வாங்கப் பத்து நிமிஷம் கீழ போனேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாசக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு மேஜையை விட்டு அசையவே இல்ல; இப்ப அலறல் கேட்டுத்தான் கதவைச் சாத்திட்டு ஓடி வந்தேன். பையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தரும் என்னைத் தாண்டிப் போகல!"

"ரொட்டி வாங்கப் போனப்ப வாசக் கதவு?"

"சாத்திட்டுப் போனேன். பூட்டல."

"ஒன்பதுக்கு வேற சாவி இருக்கா?"

"மேஜைக்குப் பின்னால ஆணியில தொங்குது. இதோ பாருங்க, புதுசு மாதிரி மின்னுதில்ல? போன வருஷம் எவனோ ஒரு புண்ணியவான் பழசைப் பாக்கெட்டுல போட்டுக் கொண்டுபோயிட்டான், அப்புறம் செஞ்சது இது. யாரும் தொடல."

வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எட்டாம் அறை தாசியோ பிராம்பாத்தி. அவனும் படம் வரைகிறவன். நொயெமியின் கண்கள் அவன் மேல் பாய்ந்தன.

"நேத்து சாப்பாட்டுல என் யானைப் படங்களைப் பார்த்து, 'இது கண்டிப்பா விலை போகும்'னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன். நல்லா இருந்தது, சொன்னேன். பாராட்டினா பழியா?" தாசியோ சிலிர்த்துக்கொண்டான். "என் அறையைத் தலைகீழாப் புரட்டிப் பாருங்க, இன்ஸ்பெக்டர். அந்த யானைகளைக் கொண்டுபோய் நான் எவன்கிட்ட காட்டறது? அவ கோடு வேற, என் கோடு வேற. கண்காட்சியில காலெடுத்து வச்ச குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்!"

சவேரியோ புரட்டிப் பார்த்தான். கிழிந்த காலுறைகளும் காய்ந்த வண்ணக் குழாய்களும்தான் கிடைத்தன. ஆனால் தாசியோ சொன்னது மண்டைக்குள் வண்டாகக் குடைந்தது. சரிதானே? பெயர் தெரியாத பெண்ணின் யானைப் படத்தை விற்க முடியாது, தன்னுடையது என்று காட்டவும் முடியாது. பிறகு எதற்காக ஒருவன் மெனக்கெட்டுத் திருட வேண்டும்?

வாசல் மணி அடித்தது.

யோலே போய்த் திறந்தாள். சவேரியோவும் பின்னால் போனான். வாசலில் ஒரு மெலிந்த, நரைத்த மனிதர், கையில் கெட்டித் துணியால் செய்த பழைய பெட்டியுடன் நின்றார். தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எர்மெதே! இதென்ன கோலம்? அசையாதீங்க, என் தரை!" யோலே ஓடிப்போய்ச் செய்தித்தாளை விரித்தாள். "இதுமேல நில்லுங்க. பெட்டியை இப்படிக் குடுங்க." பெட்டியை வாங்கி, யாரையும் உட்காரவிடாத தன் வெல்வெட் நாற்காலியில் வைத்தாள். "உங்க மஞ்சள் மழைக்கோட்டு எங்க? அது இல்லாம உங்களை நான் பார்த்ததே இல்லையே!"

"ரயில்ல விட்டுட்டேன், யோலே. இப்பத்தான் வந்து இறங்கினேன். ஸ்டேஷன்லருந்து நடந்தே வந்தேன். அப்பப்பா, என்ன மழை!"

"இவர் எர்மெதே பன்ஞீன்," என்று யோலே சவேரியோவிடம் சொன்னாள். "ரொவீகோ ஊர்க்காரர். ஒரு புத்தகக் கம்பெனியோட விற்பனையாளர். எத்தனையோ வருஷமா கண்காட்சிக்கு இங்கதான் தங்குவார். ஆனா இந்த வருஷம் இடமே இல்லன்னு போன்லயே சொன்னேனே, எர்மெதே. எப்பவும் கம்பெனி ஜனவரியிலயே எழுதிக் கேட்கும். இந்தத் தடவை எழுதவே இல்ல. உங்க ஒன்பதைக்கூடப் படம் வரையற லேச்சேப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்னும் அப்பவே சொன்னேன்."

"தெரியும், தெரியும். யாராவது காலி பண்ணினா... அப்படித்தான் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போகலாம்னு."

"இன்னைக்கு இங்க தலைக்கு மேல பிரச்சினை. உக்காருங்க, சூடா சூப்பு தரேன். சளி பிடிச்சு செத்துத் தொலைக்காதீங்க."

அவர் செய்தித்தாள் மேலேயே ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே நொயெமி சட்டைகளைப் பெட்டியில் திணிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கமே பார்க்காமல் அவர் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவேரியோ தன் அறைக்குத் திரும்பினான். இன்னொரு ஷூவை மாட்டக் குனிந்தவன், அப்படியே நின்றான். அவன் பார்வை மூலையில் நின்ற குடை மேல் விழுந்தது. பிறகு கையிலிருந்த ஷூவின் மேல். அதில் தூசி இருந்தது.

"அட மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுபடி வாசலுக்கு வந்தபோது யோலே, தாசியோ, நொயெமி மூவரையும் கூப்பிட்டான். வெல்வெட் நாற்காலியின் பக்கத்தில் நின்று, துணிப் பெட்டியின் மேல் கையை வைத்தான். அடியிலும் தடவிப் பார்த்தான்.

"சிஞ்ஞோர் பன்ஞீன், மாடியில இருக்கிற பச்சைப் பையை நீங்களே போய் எடுத்துட்டு வர்றீங்களா? இல்ல, நானும் நனையணுமா?"

சூப்பு தரையில் சிந்தியது. யோலே தரையைக்கூடக் கவனிக்கவில்லை.

"எர்மெதேவா? உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சா, இன்ஸ்பெக்டர்? இவர் ஒரு ஈ எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்!"

"எனக்கு உங்க ஊர்ல ஏழு மாசம் ஆச்சு, சிஞ்ஞோரா. வாரத்துக்கு மூணு வீடு பார்க்கறேன். இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கறேன். இன்னைக்கும் கொட்டுற மழையில போயிட்டு வந்தேன். என் ஷூவைப் பாருங்க, தூசி! எங்கம்மா குடுத்த குடையை ஒரு நாள் திறந்ததில்ல. ஏன்? தெருவுக்குத் தெரு நடைபாதை முழுக்கத் தலைக்கு மேல கூரை போட்ட தாழ்வாரம். நீங்கல்லாம் அதுக்கு அடியிலயே பிறந்து வளர்ந்தவங்க, உங்க கண்ணுக்கே அது தெரியறதில்ல. ஸ்டேஷன் முன்னால ரோட்டைக் கடக்கும்போது நாலு துளி விழும். அதுக்கப்புறம் இந்த வாசல் வரைக்கும் ஒரு பொட்டுத் தண்ணி மேல படாது. இவர் என்னடான்னா கிணத்துல விழுந்த மாதிரி நிக்கறார்!"

"மழை சாய்ச்சு அடிச்சிருக்கலாமே," என்றான் தாசியோ.

"அடிச்சா பெட்டியையும் சேர்த்துத்தானே அடிக்கணும்? தொட்டுப் பாருங்க. காஞ்ச துணி. ஈரமா இருந்திருந்தா சிஞ்ஞோரா அதை இந்த நாற்காலியில வச்சிருப்பாங்களா? கையோட பிரிச்சு உலர்த்தியிருப்பாங்க. மனுஷன் நனைஞ்சிருக்கார், பெட்டி நனையல. அப்போ இவர் பெட்டி இல்லாம, தலைக்கு மேல கூரை இல்லாத ஒரு இடத்துல ரொம்ப நேரம் நின்னிருக்கார். இந்தக் கட்டடத்துல அப்படி ஒரே இடம்தான்: நீங்க துணி காயப்போடற மொட்டை மாடி."

யோலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க ரொட்டி வாங்கப் போனப்ப இவர் உள்ள வந்தார். பெட்டியைக் கீழ மாடிப்படிக்கு அடியில வச்சிட்டு வந்திருப்பார். போன வருஷம் தொலைஞ்ச சாவி யார்கிட்ட இருக்கும்? வருஷா வருஷம் ஒன்பதுல தங்கினவர்கிட்ட. பையை எடுத்துட்டு மேல ஏறினார். அதுக்குள்ள நீங்க வந்து மேஜையில உக்காந்துட்டீங்க. வாசக் கதவு திறந்திருக்க, உங்க கண்ணுல படாம இறங்க முடியாது. இந்தப் பொண்ணு அலறினதும் எல்லாரும் உள்ள ஓடினோம். அப்பத்தான் இறங்கிப் போய்ப் பெட்டியோட புதுசா வந்த மாதிரி மணி அடிச்சார்."

"ஆனா ஏன்?" நொயெமி ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் உங்களை என்ன பண்ணினேன்? என் படத்தை வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க? மூணு மணிக்குப் பதிப்பாளர்கிட்ட நான் எதைக் காட்டறது?"

"அதுதான் என்னையும் குழப்பிச்சு," என்றான் சவேரியோ. "எல்லாரும் படம் யாருக்கு வேணும்னு யோசிச்சோம். கண்காட்சி வாரத்துல பொலோன்யாவுல எவன் படத்தைத் திருடுவான்? இங்க தங்கத்தைவிடக் கிடைக்காதது கட்டில். இவர் உன் படத்தைத் திருடல. உன் அறையைத் திருடினார். படம் போனா நீ ஊருக்குக் கிளம்புவே, ஒன்பது காலியாகும். நீயே பெட்டி கட்ட ஆரம்பிச்சிட்டியே!"

எர்மெதே பன்ஞீன் மெல்ல எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து பித்தளைக் குண்டு கோத்த பழைய சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"கம்பெனி என்னை ஜனவரியில வீட்டுக்கு அனுப்பிடுச்சு, யோலே. அதான் யாரும் எழுதல. இந்தக் கண்காட்சியில எவன் காலையாவது பிடிச்சு ஒரு வேலை தேடலாம்னு வந்தேன். ஒரு ராத்திரிக்கு ஓட்டல்ல கேட்கிற காசுல என் வீட்ல ஒரு மாசம் சாப்பிடுவோம். நேத்து ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சுலதான் கிடந்தேன். படத்தை ரெண்டு நாள்ல தபால்ல அனுப்பிடலாம்னு நினைச்சேன். நீ மூணு மணிக்கு ஒருத்தரைப் பார்க்கணும்னு எனக்கு சத்தியமா தெரியாது, மகளே." அவர் அழுதுவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சமையல்கட்டுல ஒரு மடக்குக் கட்டிலாவது போட்டிருக்க மாட்டேனா?" யோலே கத்தினாள். "இனிமே என் சமையல்கட்டுப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது!"

சவேரியோதான் மேலே போய் நனைந்தான். துணிக் கிளிப்பும் சோப்பும் வைக்கிற தகரப் பெட்டிக்குள் ஒரு மஞ்சள் மூட்டை இருந்தது. எர்மெதே தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். பிரித்தபோது யானைகள் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. நொயெமி படங்களைப் பார்த்தாள், மழைக்கோட்டைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நிற்கிற கிழவரைப் பார்த்தாள்.

"புகார் எழுதணும்மா," என்றான் சவேரியோ.

"இப்ப நேரமில்ல. பஸ் போயிடும். வந்து சொல்றேன்." பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மாலை அவள் திரும்பியபோது எர்மெதே அதே மர நாற்காலியில், அதே செய்தித்தாளில் உட்கார்ந்திருந்தார். பெட்டி மடியில் இருந்தது. யோலே அவரோடு பேசவில்லை. ஆனால் கோட்டை வாங்கி அடுப்புப் பக்கம் உலர்த்தியிருந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்க!" என்றாள் நொயெமி. "யானை புத்தகமா வரப்போகுது!" யோலே அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

நொயெமி எர்மெதேயிடம் வந்தாள். "புகார் குடுக்கப்போறதில்ல. காலையில நான் அழுத அழுகைக்கு உங்களைச் சும்மா விடக் கூடாது. ஆனா அந்த மழைக்கோட்டை நினைச்சா மனசு வரல. ஒண்ணு மட்டும் சொல்றேன், அறையை விட மாட்டேன்."

"வேணாம்மா. நான் ஸ்டேஷனுக்கே போறேன்." அவர் எழுந்து பெட்டியைத் தூக்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" சவேரியோ அந்தப் பெட்டியைப் பிடுங்கினான். "திருடனை வெளிய விட்டுட்டு நான் எப்படி நிம்மதியாத் தூங்கறது? என் கண்ணு முன்னாலதான் படுக்கணும்."

"நான் குறட்டை விடுவேன், இன்ஸ்பெக்டர்."

"விடுங்க. போலீஸ்காரன் அறையில குறட்டை விட்ட முதல் திருடன்னு ஊர் பேசட்டும்."

நான்காம் எண் அறையில் சவேரியோ இரண்டாவது கட்டிலின் மேல் மலையாகக் கிடந்த வாடகை விளம்பரங்களை ஒரே வாரலாக வாரித் தரையில் தள்ளினான். யோலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெளுத்த விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனாள். பொலோன்யாவில் அந்த வாரம் காலியாக இருந்த ஒரே கட்டில் அதுதான்.