ஷெரின் என்று பேர் வைத்த சிலந்தி

குமிழியைக் காணோம்.

பியட்றிஸ் நுணுக்குக்காட்டியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறுபடி குனிந்து பார்த்தாள். புளியங்கொட்டை அளவு அம்பர் கல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு மரத்தில் வடிந்த பிசின், இறுகிக் கல்லாகி, தேன் நிறத்துக்குள் ஒரு சிலந்தியை அப்படியே வைத்திருந்தது. நடக்கும்போதே அகப்பட்டு, முன்காலைத் தூக்கியபடி நின்றுபோன சிலந்தி. அதன் வாயோரம் கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று இருந்தது. பார்த்துப் பார்த்துப் படம் கீறியவளுக்குத் தெரியாதா? இன்று அது இல்லை.

அம்பிட்டியவில் மத்தியானத்திலிருந்தே மழை. ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டம் ஜன்னலில் ஒட்டிக்கொள்ள, அந்தச் சின்ன வேலையறைக்குள் ஈரச் சுவரின் வாடையும், அதற்கு அடியில் சாம்பிராணியும் பச்சை மரமும் கலந்தாற்போல் இன்னொரு வாடையும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. அம்பரைத் தேய்த்தால் வரும் வாடைதான் அது. ஆனால் அவள் இன்று எதையும் தேய்க்கவில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். காலையில்தான் கட்டுரை அச்சில் வந்தது. யாரும் அறியாத, என்றைக்கோ அழிந்துபோன சிலந்தியினம். முதலில் விவரித்து எழுதியவள் என்பதால் பேர் வைக்கும் உரிமை அவளுக்கு. மகளின் பேரை வைத்தாள். ஏழாம் மாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, தங்காது என்று டொக்டர்மார் கைவிரித்தும் பிழைத்துவந்த பிள்ளை. அந்தப் பேராவது என்றைக்கும் அழியாமல் இருக்கட்டுமே என்ற ஆசை. கட்டாரிலிருக்கும் புருஷன் ஜொனி போனிலேயே அழுதுவிட்டான். கூட ஆராய்ந்த ஜமால்தீன் சார் மட்டும் பேர் வைத்த அன்றைக்கே முகத்தைச் சுளித்திருந்தார்.

"மௌத்தான ஒன்டுக்கு, உசிரோட ஈக்கிற புள்ளட பேரா?"

"எல்லாரும் வைக்கிறதுதானே சார்," என்று சிரித்தாள் பியட்றிஸ்.

இப்போது சிரிப்பு வரவில்லை. வெளிச்சம் போதாமல்தான் குமிழி தெரியவில்லையோ என்னவோ.

"ஷெரின்! அந்த டோர்ச்ச கொண்டாம்மா."

பக்கத்து அறையில் படம் கீறிக்கொண்டிருக்கும் பிள்ளை, கூப்பிட்ட வாய் மூடுமுன் "வந்துட்டேம்மா" என்று ஓடிவருவாள். இன்று சத்தமே இல்லை. அதற்குப் பதிலாக, அலுமாரிக்கு அடியில் ஏதோ ஒன்று டிக் டிக் என்று சிமெந்துத் தரையைத் தட்டியது.

எலியாக்கும்.

"வந்... துட்டேம்மா."

ஷெரின் வந்தாள். சேற்றுக்குள் கால் வைத்து நடப்பதுபோல் வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. வழவழவென்று குளிர்ந்து கிடந்தது.

"என்னாடி செய்யுது?"

"ஒன்னும் இல்லம்மா. ஒட்டுது."

"என்னா ஒட்டுது?"

பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. டோர்ச்சைக் கொடுத்துவிட்டு, இழுத்து இழுத்துத் திரும்பிப் போனாள்.

பியட்றிஸ் டோர்ச்சை அடித்துப் பார்த்தாள். சிலந்தி தூக்கியிருந்த முன்கால் கீழே இறங்கியிருந்தது.

"ஷெரின்!" பயத்தில் வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது.

டிக் டிக் டிக். இந்த முறை உடனே. கிட்டத்தில். பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தப் பேரைச் சொன்னால் முந்திக்கொண்டு வருவது வேறொன்று. ஜமால்தீனுக்குப் போன் அடித்தாள்.

"சார், அந்தப் பேர எடுத்துருவோம். வேற பேர் வைப்போம். கெஞ்சிக் கேக்குறேன்."

"என்ன பியட்றிஸ், வெளாட்டா? அச்சில வந்த பேர வெச்சவங்களுக்கே மாத்த ஏலாது. நம்மட சட்டமே அதானே. இனி அது அதுட பேர்தான்."

லைன் அறுந்தது.

கல்லைப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. சிலந்தி கிடந்த இடத்தில் சிலந்தி அளவு பள்ளம். கால்களுக்கும் தனித்தனிப் பள்ளம்.

ஐயோ, என் பிள்ளை!

ஓடினாள். மழை விட்டிருந்தது. மேற்கு ஜன்னலால் அந்திவெயில் வழிந்து, அறை முழுக்கத் தேன் நிறம். பிசின் வாடை மூச்சை அடைத்தது. நடுவில் ஷெரின். ஓடிவர எழுந்தவள். ஒரு கையைத் தூக்கியபடி. இமை அசையவில்லை. தொட்டாள். கல்.

வாயோரம் கடுகளவு குமிழி.

கூப்பிடக் கூடாது. கூப்பிடவே கூடாது. பெற்ற வயிறு கேட்குமா?

"ஷெரின்!"

பிள்ளையின் உதடு அசையவில்லை. குமிழி உடையவில்லை.

"வந்துட்டேம்மா," என்றது அவள் முதுகுக்குப் பின்னால், வேலையறை அலுமாரிப் பக்கமிருந்து, பிள்ளையின் அதே குரலில்.

டிக் டிக் டிக் டிக் என்று ஓடிவந்தது.