கரி படாத குழாய்

காலை ஏழு மணி. வாடிப்பட்டி சாலையில் டோனியின் கார் பட்டறை. கதவில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே மேசைமேல் இருந்த மேனிஃபோல்டை மட்டும் காணவில்லை.

எஞ்சினின் நான்கு சிலிண்டர் புகையையும் வாங்கி, வேகம் கூட்டும் டர்போவுக்குள் அனுப்பும் நாலு கால் குழாய் அது. டோனியும் கூட்டாளி முத்துக்குமரனும் மாதக்கணக்கில் மாய்ந்து மாய்ந்து செய்தது. இன்னும் எஞ்சினில் ஏறவில்லை. சாவி இருவரிடம்தான். டோனி இரவு ஊரில் இல்லை. ஆகவே முத்துக்குமரன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அவன் எடுக்க மாட்டான் மேடம். ஆனா வேற யாரு?" டோனி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் ரங்கநாயகி ஜவுளிக்கடை வீட்டுப் பெண். பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் சேலைக்கு விலை கேட்காத குடும்பம். பட்டறைக் கட்டடத்தை வாடகைக்கு விட்டவர் யார் என்று மட்டும் விசாரித்தார். பக்கத்திலேயே கார் கடை வைத்திருக்கும் கிரிதரனாம்.

எட்டரை மணி. கிரிதரன் கடையில் அதே வடிவில் ஒரு குழாய், சூடு குடித்து நீலமும் பொன்னுமாய் மின்னியது.

"என்னுது வெள்ளி மாதிரி இருந்துச்சு மேடம்." டோனியின் முகம் தொங்கியது.

கிரிதரன் காபி வரவழைத்தார். ஒரு வருடம் தன் காரில் ஓடியதாம், நேற்றுதான் கழற்றினாராம். அந்த நிறம் ஏற எம்புட்டுச் சூடு வேண்டும் என்று பாடமும் நடத்தினார்.

"உள்ள துடைச்சீங்களாண்ணே?" என்றார் ரங்கநாயகி.

"எதுக்கு? கழட்டினது கழட்டினபடி கிடக்கு."

ரங்கநாயகி செல்போன் விளக்கைக் குழாய்க்குள் அடித்தார். அடுத்த கேள்வி அவருக்கு மறந்தேபோனது. நான்கு பாதைகள், ஒரு மேடு இல்லை, ஒரு விளிம்பு இல்லை. வெல்டிங் தடம்கூடத் தட்டாமல் வழுக்கி வளைந்து வந்து ஒரே வாயில் கலந்தன.

"வெளிய போற புகைக்கு இம்புட்டு மரியாதையா," என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "ஒரு வருசம் புகை போன வழியில பொட்டுக் கரி இல்லையே அண்ணே. கட்டடக்காரர்கிட்ட மூணாவது சாவி இருக்கும். எடுத்தீங்க, கேஸ் டார்ச்சால சுட்டு வெளிய நிறம் ஏத்துனீங்க. உள்ள கரி பூச மறந்துட்டீங்க."

கிரிதரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மறக்கலம்மா. கரியும் எண்ணெயும் குழைச்சே வச்சிருந்தேன். உள்ள பார்த்தேன். பூச மனசு வரலை."

ஒன்பதரைக்கு முத்துக்குமரன் ஸ்டேஷனிலிருந்து வந்தான். டோனி குழாயை அவன் பக்கம் நகர்த்தினான். முத்துக்குமரன் அவனைப் பார்க்காமல் குழாயைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.

"உள்ள ஒண்ணும் ஆகலை மாப்ள," என்றான்.