இரண்டாவது ஆள்

"அந்த வைப்ரேஷன் பாடத்த மட்டும் எடுக்காதீங்க. சொன்னா கேளுங்க."

"ஏன், அது உங்க வீட்டுச் சொத்தா?"

"நல்லதுக்குத்தாங்க சொல்றேன். ஈஸியா மூணு பாடம் கீது. எடுத்தீங்கன்னா ஒரே செமஸ்டர்ல கோர்ஸ்வொர்க் முடிஞ்சிடும்."

"என் கைடும் இதையேதான் சொன்னார். அவர்கிட்டயே முடியாதுன்னுட்டேன். நீங்க யாரு?"

அவன் சிரித்துவிட்டான். "தமிழரசு. நசரத்பேட்டை. உங்க காலேஜ்தான், சிவில்ல பிஎச்டி, ரெண்டாவது வருஷம். நீங்க போன்ல கத்தினது கடை பூரா கேட்டுச்சு. அதான்."

வேலப்பன்சாவடி டீக்கடையின் தகரக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோழியிடம் புலம்பிய குரல் அத்தனை உயர்ந்திருந்ததா? ஜெபாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் முகவாயை நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

அவன் நனைந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள் மாதிரி. இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வாய், என்று நினைத்தாள்.

"பாடம் கஷ்டங்கிறது என் பிரச்சினை இல்ல. ரெண்டு பேராவது சேந்தாதான் நடத்துவாங்களாம். நான் ஒருத்திதான் இருக்கேன். நாளைக்குக் கமிட்டி கூடுறதுக்குள்ள இன்னொரு ஆள் வேணும்."

"கிடைக்கலன்னா விட்டுடுங்களேன்."

"விடமாட்டேன்."

சொன்ன வேகத்தில் டீ தளும்பி விரலில் பட்டது. அவள் உதறவில்லை.

"எங்க அப்பா அம்பத்தூர்ல ஒரு பட்டறைல கிரைண்டிங் மிஷின் பிடிக்கிறார். அந்த அதிர்வுல விரல் மரத்துப்போச்சு. சட்டை பட்டன்கூட எங்க அம்மாதான் போட்டுவிடுறாங்க. அந்த அதிர்வு கைக்கு வராத மாதிரி ஒரு பிடி செய்யணும்... அதுக்குத்தான் நான் பிஎச்டிக்கே வந்தேன். அதிர்வப் படிக்காம ஈஸியான பாடத்தப் படிச்சு, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கிட்டு அவர் கையப் பாக்கச் சொல்றீங்களா?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டீ பட்ட அவள் விரலைப் பார்த்தான்.

"நீங்க சேருங்களேன். சிவில்காரங்களும் எடுக்கலாமே."

"நானா? வேற ஆளப் பாருங்க."

"பயமா?"

சட்டென்று அவன் முகம் மாறியது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். வண்டி வரை போனான். சாவியைப் போட்டான். பிறகு என்ன நினைத்தானோ... சொட்டச் சொட்டத் திரும்பி வந்து அவள் எதிரில் நின்றான்.

"போன வருஷம் அந்தப் பாடத்துல நான்தான் ரெண்டாவது ஆளு. கூட சேந்தவன் பாஸு. நான் கோட்டு. டிபார்ட்மென்டே சிரிச்சிச்சு."

ஜெபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தெரியாமல் குத்தியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கலாம்... ஆனால் பரிதாபப்பட்டால் இவன் இன்னும் உடைந்துபோவான்.

"ஒரு தடவ தோத்ததுக்கா இவ்வளவு ஓட்டம்?"

"தோக்கறதுக்குப் பயமில்லீங்க. இந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் கேட்டிருந்தா, சரின்னுகூட சொல்லியிருப்பேன். இப்ப சேந்தா உங்க எதிர்ல தோக்கணும்." கண்ணாடி வழியே நீர் ஓடியது. அவன் துடைக்கவில்லை. "அது இன்னா கஷ்டம்னு உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது. நெஞ்சுக்குள் ஏதோ அதிர்ந்தது... எந்தச் சமன்பாட்டிலும் அடங்காமல்.

"மழதான் நின்னுபோச்சே," என்றார் கடைக்காரர். "ரெண்டு பேரும் இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க?"

இருவரும் நகரவில்லை.

"நாளைக்கு ஆபீஸ் திறக்கறப்ப வாசல்ல நிப்பேன்," என்றாள் ஜெபா. குரல் அவளை அறியாமல் தணிந்தது. "பாவம் பாத்து வராதீங்க. உதவின்னும் வராதீங்க, எனக்குப் பிடிக்காது. தோத்தாலும் என் பக்கத்துல உக்காந்துதான் தோக்கணும்... எனக்கு அப்படித் தோணுது. உங்களுக்கும் தோணினா... வருவீங்களா?"