விரிப்பின் மறுமுனை

பம்பரம் என்பது அவள் பெயரே அல்ல. ஆனால் ஓர் இடத்தில் நிற்காதவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? அம்மாவிலிருந்து டீச்சர்வரை எல்லோருக்கும் அவள் பம்பரம்தான்.

அன்று அவள் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாள். தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனாள். பென்சிலைச் சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மனசு வகுப்பில் இல்லை. அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்தில் இருந்தது.

அங்கே அம்மா ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை மடிப்பாள். அந்தச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே பற்றாது. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வராமல், ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள். அவள் திரும்பும்போது பம்பரம் சுற்றி ஓய்ந்து தூங்கியிருப்பாள்.

போன வாரம் நல்ல செய்தி ஒன்று வந்தது. இன்ன தொகைக்குக் குறைவாக யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. "அடுத்த மாசத்துலேர்ந்து சாயங்கால வேலையை விட்டுடுவேன்டி" என்று அம்மா சொன்னதும் பம்பரம் கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். கட்டிலின் ஒரு கால் ஆட்டம் கண்டது. அம்மா திட்டவே இல்லை.

நேற்று சலவைக்கூட முதலாளி அம்மாவின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். "ஒரு பெட்ஷீட் மடிக்க எதுக்கு ரெண்டு பேர்? ஒருத்தர் போதும்." வேலையை விட்டுப் போவது அம்மாவா, அவளோடு சேர்ந்து மடிக்கும் நெட்டை அத்தையா என்று இன்று சாயங்காலம் சொல்வாராம்.

பள்ளி மணி அடித்ததும் பம்பரம் ஓட்டமும் நடையுமாகச் சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அம்மா ஒரு பக்கம், அத்தை மறுபக்கம். விரிப்பை உதறுவார்கள், இழுப்பார்கள், நடந்து வந்து கையோடு கை சேர்ப்பார்கள். கை சேரும்போதெல்லாம் ஆளுக்கொரு வரி பேசுவது அவர்கள் வழக்கம். ஒரு விரிப்பு முடிவதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்துவிடும்.

இன்று கைகள் சேர்ந்தன. பேச்சு இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. பம்பரத்துக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதலாளி வழுக்கைத் தலையைத் துடைத்தபடி வந்தார்.

"நீ எங்க இங்க?"

"சும்மாதான் மாமா."

"நீயாவது, சும்மா இருக்கிறதாவது!"

பம்பரம் கேட்டேவிட்டாள். "மாமா, ஒருத்தரே எப்படி மடிக்கிறதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

"ஏய், வாயை மூடு!" அம்மா பதறினாள்.

"கேட்கட்டும், விடும்மா. ஆடத் தெரியாதவங்களுக்குத்தான் கூடம் கோணல்" என்று சொல்லி முதலாளி ஒரு விரிப்பை எடுத்தார்.

கைகளை அகல விரித்தார். நடுவில் விரிப்பு தொங்கியது. தாடையால் அழுத்திப் பிடித்தார். ஒரு முனை நழுவித் தரையில் இருந்த ஈரத்தில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார், மறுமுனை தலையை மூடியது. நெட்டை அத்தை சிரிப்பை அடக்க இருமினாள்.

"மாமா, கூடம் கோணலா இருக்கா?"

விரிப்புக்குள்ளிருந்து, "முதல்ல அந்தப் பக்கம் பிடி!" என்று குரல் வந்தது.

பம்பரம் பிடித்தாள். இருவரும் உதறினார்கள். நடந்து வந்தார்கள். கை சேர்ந்தது.

"யாரையும் அனுப்பணும்னு எனக்கு ஆசையாம்மா?" என்றார் முதலாளி. "சட்டப்படி ரெண்டு பேருக்கும் சம்பளத்தை ஏத்திக் கொடுக்கணுமே!"

விலகினார்கள், இழுத்தார்கள், சேர்ந்தார்கள்.

"ஹோட்டல்கள்ல சலவைக் கூலியைக் கொஞ்சம் ஏத்திக் கேளுங்களேன் மாமா."

"கேட்டா அடுத்த தெரு லாண்டரிக்குப் போயிடுவாங்க."

மறுபடி சேர்ந்தார்கள்.

"அந்தத் தெருவுக்குச் சட்டம் கிடையாதா மாமா?"

முதலாளியின் கை அப்படியே நின்றது. "இருக்கு... எல்லாருக்கும்தான்."

"அப்ப அவங்களும் ஏத்தித்தானே ஆகணும்?"

முதலாளி முனைகளை அவள் கையில் திணித்துவிட்டுப் போனை எடுத்தார். பெரிய ஹோட்டலின் மேனேஜரைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "ம்... சரி... ம்..." என்றார். பம்பரம் ஒற்றைக் காலில் நின்றாள், கால் மாற்றினாள், நகம் கடித்தாள். அம்மா சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்த முதலாளியின் முகத்தில் அசடு வழிந்தது.

"அடுத்த தெருக்காரர் காலையிலேயே ஏத்திக் கேட்டுட்டாராம். 'எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுறீங்க, நான் எங்கய்யா போவேன்'னு மேனேஜர் புலம்புறார். ஒத்துக்கிட்டார்." தொண்டையைச் செருமினார். "நாளைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. அந்த அழுக்கான பெட்ஷீட்டை மட்டும் மறுபடி துவைக்கப் போடுங்க."

அம்மாவும் அத்தையும் அடுத்த விரிப்பை எடுத்தார்கள். கை சேர்ந்தது.

"உன் பொண்ணுக்கு வாய் நீளம்" என்றாள் அத்தை.

"உன் உயரத்தைவிடக் கம்மிதான்" என்றாள் அம்மா. இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் பிறந்தது. முதல் நாள் சாயங்காலமே அம்மா வீட்டில் இருந்தாள். கொடியில் காய்ந்த விரிப்பை எடுத்துவந்து, "பிடிடி அந்தப் பக்கம்" என்றாள்.

உதறினார்கள். கை சேர்ந்தது.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

பம்பரம் சொல்லத் தொடங்கினாள். பாதிக் கதைகூட முடியவில்லை, விரிப்பு மடிந்துவிட்டது. அவள் அதை மறுபடி பிரித்து உதறி, இரண்டு முனைகளை அம்மாவிடம் நீட்டினாள்.