பாலத்தில் நிற்கும் கழுதை

சலிப்பு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டத் தரக் கழகத்தின் மதுரை அலுவலகத்தில் இந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தலைமை ஆய்வாளர் ஞானசிகாமணி நெற்றியில் கட்டியிருந்த மனமானியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருவியில் பழுது எதுவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே சலிப்பாக இருந்தது.

திரையில் ஒரு மரப்பாலம். பாலத்துக்கு முன்னால் ஒரு கழுதை. அதை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கழுதை நகரவில்லை.

ஊரில் உள்ள மற்ற ஆட்டங்களில் இப்படி நடக்காது. மனமானி ஆட்டக்காரரின் மனநிலையை நொடிக்கு நொடி படித்துச் சொல்லும். ஆட்டத்துக்குள் இருக்கும் ‘இணங்கி’ என்ற பொறி அதைக் கேட்டு, கதையை, எதிரியை, மழை வெயிலைக்கூட அவருக்குப் பிடித்த மாதிரி மாற்றிக் கொடுக்கும். வாள் வீசத் தெரியாதவருக்கு எதிரியே கழுத்தை நீட்டிக் காட்டுவான். எவ்வளவு மந்தமானவரும் நாற்பது நிமிடத்தில் ஜெயித்துவிட்டுக் கை கழுவப் போகலாம். ஏழு விநாடி தொடர்ந்து சலித்தால் மணி அடிக்கும்; மணி அடித்த ஆட்டத்துக்கு அனுமதி கிடையாது.

இந்தக் கழுதை ஆட்டத்தில் இணங்கியே இல்லை. அதைச் செய்தவள் வெளியே நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி, வயது முப்பத்தைந்து, கோவில்பட்டி. எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்காமல் தனியாளாக ஆட்டம் செய்கிறவர்களில் மிஞ்சியிருந்த சிலரில் ஒருத்தி. இதற்கு முன் இரண்டு ஆட்டங்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் ஆட்டக்காரர் ஒரு கதவாக இருக்க வேண்டும். இன்னொன்றில், பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையாக. இரண்டும் ஐந்தே நிமிட ஆட்டங்கள். மணி அடித்தது, ஆடி முடித்தார்கள், நிராகரித்தார்கள். மூன்றாவது முறையும் நிராகரித்தால் அவள் உரிமம் பறிபோகும். ஆட்டத்தின் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுவார்கள். அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் அவள் ஓர் ஆட்டம்கூடச் செய்ய முடியாது.

இது தெரிந்துதான் கழுதையோடு வந்திருந்தாள்.

ஞானசிகாமணி வெளியே வந்தார்.

“என்னம்மா இது? கழுதை நகர மாட்டேங்குது.”

“ஆமா சார். அதுக்கு இஷ்டம் இல்ல.”

“ஆடுறவனுக்குச் சலிப்பு தட்டுதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?”

“அது எதுக்கு சார் உங்களைப் பாக்கணும்? அதுக்கு அது சோலி இருக்கு.”

அவளைப் பார்த்தால் கெஞ்ச வந்தவள் மாதிரி இல்லை. ஞானசிகாமணிக்கு எரிச்சல் வந்தது. உள்ளே போய் நிராகரிப்புப் படிவத்தை எடுத்து விறுவிறுவென்று நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. ‘ஆட்டம் முடிவு வரை ஆடப்பட்டதா?’

விதி ஒன்பது. முடிவு வரை ஆடாமல் அனுமதிக்கவும் கூடாது, நிராகரிக்கவும் கூடாது. சோம்பேறி ஆய்வாளர்கள் முதல் நிமிடத்திலேயே முத்திரை குத்திவிட்டு வீட்டுக்குப் போவதைத் தடுக்க, இதே ஞானசிகாமணி எழுதிய விதி அது. முடிக்கவே முடியாத ஆட்டம் ஒன்று வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அவர் மறுபடி மனமானியைக் கட்டிக்கொண்டார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். கழுதை நாலு காலையும் ஊன்றி நின்றது.

ஓர் ஆட்டத்தை மூன்று அறைகளில் மூன்று ஆய்வாளர்கள் தனித்தனியே ஆடுவது கழகத்தின் வழக்கம். ஆடியதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை. பேச ஒன்றும் இருக்காது. ஒருவருடைய ஆட்டத்தில் செத்த ராஜா இன்னொருவருடைய ஆட்டத்தில் கல்யாணம் செய்துகொள்வான். நாடே விளையாடுகிறது, பக்கத்தில் இருப்பவரிடம் பகிர்ந்துகொள்ள ஒரு வரி இல்லை. செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது இதற்குத்தான்.

அன்று தேநீர் இடைவேளையில் ரஹ்மத்நிஷா என்ற இளைய ஆய்வாளர் மெல்ல ஆரம்பித்தார்.

“சார், உங்க கழுதை நகந்துச்சா?”

ஞானசிகாமணி நிமிர்ந்தார். “உங்களுக்கும் கழுதைதானா?”

“எனக்கும் அதே கழுதைதான்,” என்றார் மூன்றாமவர் துரைக்கண்ணு. “நான் கடுப்பாகி அதுக்கு முதுகைக் காட்டி நின்னேன். பின்னாலேயே ரெண்டு எட்டு வந்துச்சு சார்!”

“கயித்த இழுத்தீங்களா?” என்று ரஹ்மத்நிஷா அவரிடம் கேட்டார்.

“காலையில இழுத்தேன்.”

“நான் இழுக்கல. எனக்கு அஞ்சு பலகை தாண்டிருச்சு,” என்றார் ரஹ்மத்நிஷா. “அதோட நிழல் பலகை மேல விழுந்தா மட்டும் மிதிக்காது. உச்சி வெயில் வர்ற வரைக்கும் நிக்கணும்.”

தேநீர் ஆறிப்போனது. மூவரும் குடிக்காமல் அறைகளுக்கு ஓடினார்கள். அதன்பிறகு அன்று மணி அடிக்கவே இல்லை. கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, ஒரு தடவை ஞானசிகாமணி கழுதையைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். சலிப்பு மட்டும் வரவில்லை.

ஒரு வாரத்தில் மூன்று கழுதைகளும் கடைசிப் பலகைக்கு முன்னால் வந்து நின்றன. அங்கே நின்றவைதான்.

விதி பன்னிரண்டு, ஐயம் எழுந்தால் ஆய்வாளர் இரண்டு துணை ஆய்வாளர்களை நியமித்துக்கொள்ளலாம் என்றது. நியமித்தார்கள். துணை ஆய்வாளர்களுக்கும் ஐயம் எழுந்தது. அவர்களும் ஆளுக்கு இருவரை நியமித்தார்கள். நாலு மாதத்தில் துணை ஆய்வாளர்களின் எண்ணிக்கை மூவாயிரத்து நானூறைத் தாண்டியது. வெளியிடப்படாத ஓர் ஆட்டத்தை நகரமே அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஆடியது. பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் முன்பின் தெரியாதவர்கள், “உங்களுது எந்தப் பலகையில நிக்கிது?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

தலைமைச் செயலகம் பொறுமை இழந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்று ஆணை வந்தது.

ஞானசிகாமணி கோவில்பட்டிக்கு நேரில் போனார். கடலைமிட்டாய்க் கடை ஒன்றுக்கு மேலே அவள் வீடு. வெல்லப்பாகு மணம் மாடிப்படி வரை வந்தது. அவர் ஒரு சிறு பேழையையும் ஒரு காகிதத்தையும் மேசைமேல் வைத்தார்.

“உள்ளதைச் சொல்லும்மா. அது கடைசிப் பலகையைத் தாண்டுமா?”

“தெரியல சார். நானே இன்னும் தாண்டல. தாண்டணுமா வேண்டாமான்னு அதுதான் முடிவு பண்ணும். அப்படித்தான் செஞ்சிருக்கேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். “இந்தப் பேழையில உன் ஆட்டம்தான் இருக்கு. எங்க ஆளுங்க இணங்கியைப் பொருத்திட்டாங்க. ஒரு கையெழுத்து போடு, இன்னைக்கே அனுமதி. உரிமமும் ஆயுசுக்கும் உனக்கு. போடலன்னா வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிருவாங்க.”

அவள் காகிதத்தைப் பார்த்தாள். இந்த உரிமம்தான் அவளுக்கு எல்லாம். அது இல்லாத நாளை நினைத்தால் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

“போட மாட்டேன் சார்.”

“பிடிவாதம் பிடிக்காதம்மா.”

“எல்லாத்துக்கும் ஆமாம் போடுத கழுதை கழுதையே இல்ல சார். அதை என் பேருல விட முடியாது.” அவள் பேழையை அவர் பக்கம் தள்ளினாள். “இதை நீங்க ஆடிப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“முடிவு வரைக்கும் ஆடாம எப்படி சார் அனுமதி குடுப்பீங்க?”

ஞானசிகாமணி பேழையைத் திறந்தார். அவர் எழுதிய விதி. மனமானியைக் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்.

கழுதை துள்ளிக் குதித்து அவரிடம் ஓடி வந்தது. கயிற்றைத் தொடாமலே பாலத்தில் ஏறியது. நிழலை மிதித்தது. அவர் முகம் சுருங்கியது. இணங்கி அதைக் கவனித்துக் கழுதைக்கு இறக்கை முளைக்க வைத்தது. முகம் இன்னும் சுருங்கியது. பூமாரி பொழிந்தது, நாதஸ்வரம் கேட்டது, கடைசிப் பலகையைத் தாண்டிக் கழுதை அவர் கன்னத்தில் முத்தமிட்டது. ‘வெற்றி!’ என்றது திரை.

மணி அடித்தது.

“இது எங்க பவுனு இல்ல,” என்றார் ஞானசிகாமணி. நாலு மாதமாகத் தன் கழுதைக்குப் பெயர் வைத்திருந்தது அப்போதுதான் வாய்தவறி வெளியே வந்தது.

மணி அடித்த ஆட்டம். முடிவு வரை ஆடப்பட்ட ஆட்டம். அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இணங்கி பொருத்திய பிரதியை நிராகரித்து ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கையெழுத்திட்டார். கழகம் பொருத்தியது என்பதால் விண்ணப்பதாரர் இடத்தில் கழகத்தின் பெயரையே எழுதினார்; செண்பகவல்லியின் கணக்கில் அது ஏறாது. செயலகத்துக்கு ஒரே வரியில் பதில் அனுப்பினார்: ‘மூல ஆட்டம் ஆய்வில் உள்ளது. விதி ஒன்பதின்படி, ஆய்வு முடியும்வரை எவரும் அழிக்க இயலாது.’

வெள்ளிக்கிழமை மூவாயிரத்து நானூறு துணை ஆய்வாளர்களுக்கும் தனித்தனியே நினைவூட்டல் போனது. அத்தனை பேரும் அதே வரியைத்தான் திருப்பி அனுப்பினார்கள். செயலகத்திலிருந்து மிரட்டினார்கள். யாரும் அசையவில்லை.

அடுத்த மாதம் பெரிய நிறுவனங்களிலிருந்து ஒன்பது புதிய ஆட்டங்கள் ஆய்வுக்கு வந்தன. எல்லாமே இணங்கி பொருத்தியவை. எதிரி கழுத்தை நீட்டியதும் ஆய்வாளர்களுக்குக் கொட்டாவி வந்தது. இணங்கி பதறி இன்னும் இணங்கியது, கொட்டாவி இன்னும் கூடியது. ஒன்பதிலும் மணி அடித்தது. சட்டப்படி ஒன்பதையும் நிராகரித்துவிட்டு ஆய்வாளர்கள் அவரவர் பாலத்துக்குத் திரும்பினார்கள்.

கழுதை இன்னும் அங்கேதான் நிற்கிறது.