அடைபட்ட குழாய்

காலை பத்து மணிக்கு, புற்றுநோய் வார்டின் மருந்து கலக்கும் அறையில் இளைய நர்ஸ் சுருண்டு விழுந்தாள். அவள் வயிற்றில் இருந்த மூன்று மாதக் கரு தங்கவில்லை. கூட வேலை பார்க்கும் சீனியர் நர்ஸ்தான் டீயில் எதையோ கலந்துவிட்டாள் என்று அவள் கணவன் ஒற்றைக்காலில் நின்றான்.

மதியம் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அந்த அறைக்குள் போவது அந்த இருவர் மட்டுமே. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சீனியருக்குப் போன இரண்டு வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்து, புருஷன் அவளை விலக்கி வைத்திருந்தான். பொறாமை என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் பிளாஸ்கில் மிஞ்சிய டீயில் எதுவுமில்லை என்று மறுநாள் அறிக்கை வந்தது.

தலைமை நர்ஸின் அறை பக்கத்திலேயே இருந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. முன்பெல்லாம் மருந்து நாற்றத்தில் தலை வெடிக்கும், மூன்று வருடமாக நிம்மதி என்றார். இளையவளுக்கு முன் மருந்து கலக்கும் அறையில் இருந்தது தன் தங்கை மகள்தான் என்றும், உண்டானதுமே குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிட்டதாகவும், இப்போது கையில் தங்கமாய் ஒரு பிள்ளை என்றும் பூரித்தார்.

இன்ஸ்பெக்டர் மருந்து கலக்கும் அறைக்குத் திரும்பினார். ஆவியை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அதன் உறிஞ்சும் வாயருகே ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தார். அசையவில்லை. வெளியே போய்ப் பார்த்தார். தலைமை நர்ஸின் ஜன்னலையொட்டி, அந்தப் பெட்டியிலிருந்து வரும் குழாயின் வாய் தகரத்தால் அடைக்கப்பட்டிருந்தது. கட்டியைக் கரைக்கும், கருவையும் கலைக்கும் மருந்தின் ஆவி முழுவதும் உள்ளேயே சுற்றியிருக்கிறது.

"நீங்கதான் அடைக்கச் சொன்னீங்க."

"தலைவலி தாங்கலை மேடம். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாமத்தான் தங்கச்சி பொண்ணை மட்டும் மாத்துனீங்களா?"

தலைமை நர்ஸ் ஜன்னலைச் சாத்தினார்.

சீனியரைத் தேடிப் போய் இன்ஸ்பெக்டரே விஷயத்தைச் சொன்னார்.

"அப்போ கோளாறு என் உடம்புல இல்லையா மேடம்?"

"டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார்மா. உன் வீட்டுக்காரர்கிட்ட நான் வேணா பேசட்டுமா?"

"வேண்டாம். அவருக்குப் போன வாரம் கல்யாணம் ஆயிடுச்சு."